நீலப் பதாகையின் கீழ்வரி

புதன்கிழமை காலை எட்டரை மணிக்கு லைல் ஃபாஸம் சமையலறைக் கதவைத் தட்டாமலே திறந்துகொண்டு உள்ளே வந்தார். வந்தவர் தொப்பியைக் கழற்றவில்லை. நார்வேயிலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறியவர்களின் ஊரான விக் ப்ரேரியில் ஒருவர் தொப்பியோடு காப்பி மேசையில் உட்கார்ந்தால், வீட்டில் யாருக்கோ உடம்பு முடியவில்லை, இல்லாவிட்டால் களஞ்சியத்தில் தீப்பிடித்துவிட்டது என்று அர்த்தம். வீட்டுக்காரப் பெண்மணி பொர்கில்ட் நிஸ்டூன் ஒரு கோப்பையில் காப்பியை ஊற்றி அவர் பக்கம் நகர்த்தினார்.

"கொடி போச்சு, பொர்கில்ட்."

"எந்தக் கொடி?"

"நம்ம கொடிதான். பழசு. அலமாரி பூட்டினது பூட்டினபடி இருக்கு. உள்ள கம்பு இருக்கு. கொடிய மட்டும் காணோம்."

மேசையின் மறுபக்கம் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்த ஆர்லோ க்வாம் கத்தியை அப்படியே வைத்தார். முப்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், அடுத்த வீட்டுக்காரர். காலைக் காப்பியைத் தன் வீட்டில் குடித்த நாள் அவருக்கு நினைவில்லை. "திருட்டா?" என்றார். குரலில் கவலையை விட ஆவல்தான் தூக்கலாக இருந்தது.

"நாளான்னைக்குப் பதினேழு," என்றார் லைல். அதற்கு மேல் அவர் விளக்க வேண்டியதில்லை. மே பதினேழு நார்வேயின் அரசியல் சட்ட நாள். அன்று விக் ப்ரேரியின் நார்வே மரபுச் சங்கம் ஊர்வலம் போகும். முன்னால் நீலப் பட்டுப் பதாகை. அதில் தங்க நூலில் ஒரு மரத் தேவாலயம், கீழே முன்னோர்கள் கப்பலேறிய நான்கு ஊர்களின் பெயர்கள். 1909-ல் சங்கத்துப் பெண்கள் தைத்தது. பத்து வருடமாக அந்தப் பட்டு தொட்டால் உதிர்கிறது. ஒவ்வொரு ஊர்வலத்துக்குப் பிறகும் தெருவில் நீலத் துகள்கள் கிடக்கும். போன அக்டோபரில் ஓட்டெடுப்பு நடத்திப் புதிதாக ஒன்று தைப்பதென்று முடிவானது. மாரிட் ஒப்பெடால் என்ற பெண் ஏழு மாதம் உட்கார்ந்து தைத்து முடித்திருந்தார். பதினேழாம் தேதி பழையது இறங்கிப் புதியது ஏற வேண்டும். பழையது கண்ணாடிப் பெட்டிக்குள் போக வேண்டும்.

"செல்மர்தான்," என்றார் லைல். லைல்தான் சங்கத்தின் தலைவர். "வேற யாரு? நாப்பத்தோரு வருஷமா கொடி தூக்கற ஆளு. 'எங்கப்பன் தூக்கின கொடி, அத மாத்தணும்னா என்னத் தாண்டித்தான் போகணும்'னு அக்டோபர்ல மேசையக் குத்தினாரே. ஷெரீஃபக் கூப்பிடப் போறேன்."

"கூப்பிட்டா?"

"உண்மை தெரியும்."

"ஷெரீஃப் வண்டி செல்மரோட பண்ணைக்குள்ள போறத ரோட்டுல போறவங்க பத்துப் பேர் பாப்பாங்க. சாயங்காலத்துக்குள்ள அவரு பக்கத்துப் பதினோரு குடும்பமும் சங்கத்த விட்டுப் போயிரும். அப்புறம் ரெண்டு கொடி இருந்தும் பின்னாடி நடக்க ஆளிருக்காது." பொர்கில்ட் கோட்டை எடுத்துக்கொண்டார். "நாளைக் காலை வரைக்கும் பொறுத்துக்க, லைல். தொப்பியக் கழட்டு, காப்பியக் குடி, போலாம்."

தீக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தவர் பொர்கில்ட். எரிந்த களஞ்சியங்களுக்குப் போய், தீ எங்கே தொடங்கியது என்று சொல்வதுதான் அவருடைய வேலை. எல்லாம் எரிந்த பிறகு எதைப் பார்ப்பீர்கள் என்று கேட்பவர்களிடம், எரியாமல் மிஞ்சியதைப் பார்ப்பேன் என்பார்.

சங்க மண்டபத்தின் அலமாரியில் எந்தக் கீறலும் இல்லை. சாவி நான்கு பேரிடம் இருந்தது: தலைவர் லைல், பதாகை தூக்கும் செல்மர் எக்கும், அளவெடுக்க வந்துபோன மாரிட், மண்டபச் சமையலறையைப் பார்த்துக்கொள்ளும் வெர்னா ஹோவ்லண்ட். உள்ளே கம்பு சாய்ந்து நின்றது. அதன் உச்சியில் குறுக்குக் கம்பு. பதாகையின் மேல் ஓரத்தில் இருந்த ஐந்து துணிக் காதுகள் அதில்தான் மாட்டியிருக்கும். இப்போது ஒன்றுகூட இல்லை. தரையில் நீல நூல் துணுக்குகள் ஏழெட்டு கிடந்தன. அவற்றுக்குப் பக்கத்தில் காய்ந்த சேறு, பூட்ஸின் அச்சோடு.

"சேறு!" என்றார் ஆர்லோ. "இந்த வாரம் விதைப்புல இருக்கறது யாரு? செல்மர்!"

"நீயும்தான் நேத்து உருளைக்கிழங்கு நட்ட."

"என் காலு இவ்வளவு பெருசா?"

பொர்கில்ட் மண்டியிட்டு ஒரு சேற்றுக் கட்டியை நகத்தால் பெயர்த்துத் திருப்பிப் பார்த்தார். அதன் அடியில் ஒரு நூல் துணுக்கு ஒட்டியிருந்தது. அதை ஆர்லோவிடம் காட்டினார். பிறகு நூல்களை எல்லாம் பொறுக்கி ஒரு உறையில் போட்டுக்கொண்டார்.

"கடைசியா எப்ப பாத்தீங்க?"

"நேத்து," என்றார் லைல். "செவ்வாய்க்கிழமைக் காப்பிக் கூட்டம். நாலு மணிக்கு எல்லாரும் பாத்தோம். மினியாபோலிஸ்லேருந்து பழைய துணிகளப் பாதுகாக்கற அம்மா நாளைக்குப் பதினோரு மணிக்கு வர்றாங்க. அவங்க எழுதின கடிதாசிய நான் படிச்சேன்."

"அதுல என்ன இருந்துச்சு?"

"என்ன, வழக்கமானதுதான். லைனிங் துணியப் பிரிச்சு, தூசு தட்டி, புதுத் துணி வெச்சுத் தைச்சுப் பெட்டில வெப்பாங்களாம்."

அந்நேரம் மாரிட் வந்தார். நாற்பது வயதிருக்கும். சேதி கேட்டு முகம் வெளுத்திருந்தது. "நான்தான் காரணம்னு சொல்றாங்களா?" என்றுதான் முதலில் கேட்டார். ஏழு மாதமாகச் செல்மரின் ஆட்கள் கடையில் அவரைப் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

"யாரும் சொல்லல," என்றார் பொர்கில்ட். "அளவெடுக்கக் கொடிய எப்படிக் கழட்டினீங்க?"

"இதோ." மாரிட் குறுக்குக் கம்பின் நுனியிலிருந்த பித்தளைக் குமிழைத் திருகினார். அது கையோடு வந்தது. "இத எடுத்துட்டா அப்படியே உருவிரலாம். லைல்தான் காட்டினாரு." பிறகு கைப்பேசியில் தான் எடுத்த படங்களைக் காட்டினார். பொர்கில்ட் கீழ் ஓரத்தின் படத்தைப் பெரிதாக்கினார். லூஸ்டர், வீக், லேர்டால், ஓர்டால். கடைசிப் பெயரின் முதல் எழுத்து A. அதன் தலையில் கடுகளவு ஒரு தங்க வளையம்.

"அச்சு மாறாமத் தைச்சிருக்கேன்," என்றார் மாரிட். "ஒரு புள்ளி விடல."

"தெரியுது. அழகா இருக்கு."

சமையலறையில் வெர்னா ஹோவ்லண்ட் உருளைக்கிழங்கு மாவை மெல்லிய வட்டங்களாகத் தேய்த்து, லெஃப்ஸ ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார். எண்பத்தாறு வயது. மாவு தேய்க்கும் கையில் நடுக்கம் இல்லை. ஆர்லோவுக்குச் சூடாக ஒன்று சர்க்கரை தூவிச் சுருட்டிக் கொடுத்தார்.

"நீங்க ஏன் வெர்னா செல்மர் பக்கம் சேரல? பழைய ஆளுங்க எல்லாரும் அவரு பக்கம்தானே?" என்று வாய் நிறைய வைத்துக்கொண்டு கேட்டார் ஆர்லோ.

"எதுக்குச் சேரணும்? பாவம், அந்தப் பட்டு. அறுபத்தாறு வருஷம் மழையும் வெயிலும் பட்டாச்சு. அதுக்கு ஓய்வு குடுங்கன்னுதான் நான் கை தூக்கினேன்." வெர்னா அடுத்த உருண்டையை எடுத்தார். "செல்மரப் போலீசுல குடுக்கப் போறாங்களாமே, நெசமா?"

"லைல் அப்படித்தான் நெனைக்கிறான்," என்றார் பொர்கில்ட்.

உருட்டுக்கட்டை ஒரு கணம் நின்று மறுபடி ஓடியது. அந்த வட்டம் மட்டும் ஓரத்தில் கிழிந்துவிட்டது.

எக்கும் பண்ணையில் செல்மர் விதைப்பு இயந்திரத்தின் கீழே படுத்திருந்தார். எழுந்து வந்து, இருவரையும் பார்த்து, கையைக் கந்தலில் துடைத்தார். எழுபத்து நான்கு வயது. பேச்சை அளந்து செலவழிக்கும் ஆள்.

"வந்திருந்தேன்," என்றார், கேட்பதற்கு முன்பே. "இன்னைக்குக் காலை ஆறு மணிக்கு. அலமாரிய என் சாவியில தொறந்தேன். கம்பு மட்டும் இருந்துச்சு. பூட்டிட்டு வந்துட்டேன்."

"யார்கிட்டயும் ஏன் சொல்லல?" என்றார் ஆர்லோ.

"சொன்னா லைல் கை தட்டுவானா?"

"எதுக்குப் போனீங்க?" என்றார் பொர்கில்ட்.

செல்மர் டிராக்டர் சக்கரத்தைப் பார்த்தார். "முழுசா இருக்கான்னு பாக்க."

"முழுசான்னா?"

"முழுசான்னா முழுசா. வேறென்ன?"

பொர்கில்ட் அதைத் தோண்டவில்லை. "ஊர்வலம் முடிஞ்சதும் கொடியக் கம்புலேருந்து எப்படிக் கழட்டுவீங்க?"

"குமிழத் திருகி உருவுவேன். எங்கப்பா அப்படித்தான் சொல்லிக் குடுத்தாரு. ஏன்?"

"சும்மா." அவர் புறப்பட்டுப் போய்த் திரும்பி நின்றார். "நாளைக் காலை ஒன்பது மணிக்கு மண்டபத்துக்கு வாங்க. எனக்காக."

"அங்க ஷெரீஃப் இருப்பானா?"

"காப்பி இருக்கும்."

மதியம் தன் சமையலறையில் பொர்கில்ட் உறையிலிருந்த நூல்களில் ஒன்றைச் சாமணத்தால் பிடித்துத் தீக்குச்சி காட்டினார். நூல் சுருங்கிக்கொண்டு உருகி, நுனியில் கறுத்த மணியாக இறுகியது. பிறகு தன்னுடைய பழைய பட்டுக் கழுத்துத் துணியிலிருந்து ஓர் இழையை உருவி அதையும் கொளுத்தினார். அது பொசுங்கிச் சாம்பலாகியது. அறையில் முடி கருகும் நாற்றம் எழுந்தது.

"பட்டு முடி மாதிரி எரியும். பருத்தி காகிதம் மாதிரி எரியும். இது உருகுது. நைலான்," என்றார்.

"யாராச்சும் நடுவுல ரிப்பேர் பண்ணியிருப்பாங்க."

"இருக்கலாம். அதனாலதான் இது மட்டும் போதாது."

மீதி மதியத்தைச் சங்கத்தின் 1909-ஆம் ஆண்டு நடவடிக்கைக் குறிப்பேட்டோடு கழித்தார். மங்கிய மையில், நார்வே மொழியில் எழுதியது. பதாகையில் என்னென்ன பொறிக்க வேண்டும் என்று தீர்மானம் எழுதியிருந்த பக்கத்தில் விரலை வைத்து, ஆர்லோவை அழைத்தார். "படி."

"எனக்கு நார்வே பாஷையில சாப்பாட்டு அயிட்டம் மட்டும்தான் தெரியும்."

"ஊர்ப் பேரு மட்டும் படி. எழுத்து எழுத்தா."

ஆர்லோ படித்தார். கடைசிப் பெயருக்கு வந்ததும், "A, இன்னொரு A..." என்று தொடங்கி நிறுத்தினார். "போட்டோல ஒரு A தானே இருந்துச்சு?"

"ஆமா," என்று பொர்கில்ட் குறிப்பேட்டை மூடினார். அவர் முகத்தில் மகிழ்ச்சி இல்லை. "யாரையும் காயப்படுத்தாம இதச் சொல்ல முடியுமான்னு தெரியல, ஆர்லோ," என்றார்.

வியாழன் காலை ஒன்பது மணிக்கு மண்டபத்தில் ஐந்து நாற்காலிகள் போட்டிருந்தன. லைல், மாரிட், செல்மர், வெர்னா, ஆர்லோ. பொர்கில்ட் நின்றுகொண்டிருந்தார். எல்லார் கையிலும் கோப்பை. யாரும் குடிக்கவில்லை.

"முதல்ல செல்மர் விஷயம்," என்றார் பொர்கில்ட். "தரையில இருந்த சேறு அவரோடதுதான். ஆனா அந்தச் சேத்துக்கு அடியில நூல் ஒட்டியிருந்துச்சு. அவரு கால் வெச்சப்ப நூல் ஏற்கெனவே தரையில கெடந்திருக்கு. அதாவது அவரு வர்றதுக்கு முன்னாடியே கொடி போயாச்சு. அவரு சொன்னது நெசம்."

லைல் கழுத்துவரை சிவந்தார். "அவரு ரெண்டு தடவை வந்திருக்கலாமே?"

"வந்திருந்தாலும் நூலப் பிரிச்சிருக்க மாட்டாரு. குமிழத் திருகினா ரெண்டு நிமிஷத்துல கொடி கையில. அது அவருக்குத் தெரியும், மாரிட்டுக்குத் தெரியும், லைல், உனக்கும் தெரியும். எடுத்தவங்களுக்கு மட்டும் அது தெரியல. அஞ்சு காதையும் தையல் தையலாப் பிரிச்சிருக்காங்க, துணி ஒரு இழை கிழியாம. ஊசி புடிச்சுப் பழகின கை. ஆனா கம்பத் தொட்டே பழக்கமில்லாத கை."

யாரும் யாரையும் பார்க்கவில்லை.

"ரெண்டாவது, ஏன் செவ்வாய்க்கிழமை? கொடிய மாத்தப் போறோம்கறது அக்டோபர்லேருந்து ஊருக்கே தெரியும். மாத்தறதத் தடுக்கணும்னா ஏழு மாசம் இருந்துச்சு. செவ்வாய்க்கிழமை புதுசா வந்தது ஒன்னே ஒன்னுதான். லைனிங்கப் பிரிக்கப் போறாங்கங்கற சேதி. எடுத்தவங்களுக்குப் புதுக் கொடி மேல கோவமில்ல. பழைய கொடிக்குள்ள இருக்கறது வெளிய வரக் கூடாது. அவ்வளவுதான்."

"உள்ள என்ன இருக்கு?" என்றார் மாரிட்.

"தெரியாது. ஆனா கொடியப் பத்தி ஒன்னு தெரியும்." பொர்கில்ட் செல்மரைப் பார்த்தார். குரல் தணிந்தது. "செல்மர், இத உங்க முன்னாடி சொல்றதுக்கு மன்னிக்கணும். நீங்க தூக்கற கொடி 1909-ல தைச்சது இல்ல."

செல்மர் அசையவில்லை.

"காதுகளத் தைச்சிருந்த நூல் நைலான். அது கடைக்கு வந்தது ரெண்டாவது உலகப் போர் சமயத்துல. சரி, ரிப்பேர்னு வெச்சுக்கலாம். ஆனா கீழ்வரி? ஓர்டால்ங்கற பேர 1909-ல ரெண்டு A போட்டுத்தான் எழுதுவாங்க. நம்ம குறிப்பேட்டுல அப்படித்தான் இருக்கு. தலையில வளையம் வெச்ச A நார்வேயிலயே முறையா வந்தது 1917-ல. இங்க குடியேறின நம்ம ஆளுங்க அதுக்கப்புறமும் பல வருஷம் பழைய எழுத்துலதான் எழுதினாங்க. கொடியில இருக்கறது புது எழுத்து. 1917-க்கு அப்புறம் அங்கேருந்து வந்தவங்க, இல்ல அவங்ககிட்ட எழுதப் படிச்சவங்கதான் அப்படி எழுதுவாங்க. கொடிய ஒரு தடவை ஏற்கெனவே மாத்தியாச்சு. யாருக்கும் தெரியாம."

ஆர்லோ வாயைத் திறந்தார். பொர்கில்ட் கையை உயர்த்தி அடக்கினார்.

"எப்பன்னும் தெரியும். ஊரே நூத்திப் பதினஞ்சு வருஷம்னு சொல்லிட்டிருக்கறப்ப ஒருத்தர் மட்டும் வேற கணக்குச் சொன்னாங்க. யாருன்னு நான் சொல்லப் போறதில்ல. மீதிக் கதை என்னோடது இல்ல. அவங்க பேசாம இருந்தாலும் சரி. பதினோரு மணிக்குள்ள கொடி அலமாரிக்கு வந்துட்டாப் போதும், நான் வாயத் தொறக்க மாட்டேன். ஆனா ஒன்னு. யாரக் காப்பாத்தணும்னு அவங்க நெனைச்சாங்களோ, அந்த மனுசனத்தான் ரெண்டு நாளா ஊரு திருடன்னு சொல்லுது."

வெர்னா கோப்பையைத் தரையில் வைத்தார். எழுந்து சமையலறைக்குள் போனார். மேசை விரிப்புகள் வைக்கும் பெட்டி திறக்கும் ஓசை கேட்டது. வெள்ளை விரிப்பில் சுற்றிய ஒரு சுருளை இரு கைகளிலும் ஏந்திக்கொண்டு வந்து, நீள மேசையில் வைத்தார்.

"கொளுத்திரலாம்னு கூட நெனச்சேன்," என்றார். "கை வரல."

"வெர்னா?" என்றார் லைல். "நீங்களா?"

"எங்கம்மா ஓர்டால்லேருந்து வந்தவ, 1926-ல. அவ வீட்டு அட்ரஸ எழுதறப்ப அந்த வளையத்தப் போடுவா. எனக்கு வேற எழுத்துத் தெரியாது." வெர்னா செல்மரைப் பார்க்கவில்லை, சுருளைப் பார்த்தார். "அம்பத்தாறு செப்டம்பர்ல எங்கப்பா செத்துட்டாரு. சோளம் அத்தனையும் நிலத்துல நிக்குது. வீட்டுல அம்மாவும் நானும்தான். உங்கப்பா இங்கோல்ஃப் எக்கும் ஏழு பேரக் கூட்டிட்டு வந்தாரு. ரெண்டு நாள்ல ஒரு கதிர் விடாம அறுத்துக் குடுத்துட்டுப் போனாரு. காப்பி கூடக் குடிக்கல. வீட்டுல துக்கம், உங்களுக்கு வேலை வெக்கக் கூடாதுன்னாரு."

செல்மர் தலையை மட்டும் அசைத்தார்.

"மறு வருஷம் ஊர்வலத்துல மழை. கொடிய வீட்டுக்குக் கொண்டு போய் அடுப்புப் பக்கம் காயப் போட்டிருந்தாராம். கீழ்ப்பாதி எரிஞ்சுபோச்சு. நவம்பர்ல அத உருளைக்கிழங்குச் சாக்குல போட்டு எங்க வீட்டுக்குக் கொண்டு வந்தாரு. நான் அப்ப தையற்கடையில வேலை. 'இந்த மாதிரிப் பட்டு எங்க கிடைக்கும்'னு கேட்டாரு. சங்கத்துல சொல்லிட்டு ஊர விட்டே போயிடறேன்னாரு. அவ்வளவு பெரிய மனுசன், எங்க வாசல்ல நின்னு அழறாரு. எனக்கு இந்தக் குளிர்காலத்தக் குடுங்கன்னு கேட்டேன். மேல் பாதியப் பாத்துப் படியெடுத்தேன். கீழ்ப்பாதி சாம்பல். ஊர்ப் பேர நெனவுலேருந்து எழுதினேன். ஏப்ரல்ல முடிஞ்சுச்சு. காதுகள அவரு கம்புல வெச்சுப் புடிச்சாரு, நான் தைச்சேன். குமிழு கழலும்னு யாரு கண்டா?"

"இத ஏன் மறைக்கணும்?" என்றார் மாரிட் மெதுவாக. "அழகான விஷயமாச்சே."

வெர்னா விரிப்பின் ஓரத்தை நீவிவிட்டார்.

"அடுப்புல விறகு போட்டது நான்," என்றார் செல்மர்.

எல்லாரும் திரும்பினார்கள்.

"அதானே, வெர்னா? அதத்தானே மறைச்சீங்க?"

"அவரு சத்தியம் வாங்கிக்கிட்டாரு," என்றார் வெர்னா. "பையனுக்கு ஏழு வயசு, அப்பாவுக்குக் குளிருமேன்னு அடுப்ப ரொப்பிட்டான், அவன் தூங்கினப்புறம்தான் பத்திக்கிச்சு, அவனுக்கு இது தெரியவே கூடாதுன்னாரு. நீ வளந்து கொடி தூக்க வந்தப்ப எனக்கு இன்னும் பயமாப் போச்சு."

செல்மர் தன் பெரிய கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டார். பேசத் தொடங்கியபோது அவருக்கே பழக்கமில்லாத அளவு பேசினார். "தூங்கல. முடி கருகற நாத்தம் வந்துச்சு. கதவு இடுக்குல பாத்தேன். அப்பா கையாலயே அணைச்சிட்டிருந்தாரு. காலையில கேட்டேன். ஒன்னுமில்ல, கனவு கண்டிருப்பன்னாரு. அடுத்த மே மாசம் பாக்கறேன், கொடி முழுசா இருக்கு. ஒரு பொத்தல் இல்ல. அப்ப கனவுதான்னு நெனச்சேன். ஆனா மனசுக்குள்ள நம்பல. ஒவ்வொரு வருஷமும் கம்பத் தூக்கறப்ப மொதல்ல கீழ்ப்பாதியத்தான் பாப்பேன். முழுசா இருக்கா? இருக்கு. அப்ப கனவுதான். இத மாத்திட்டா..." அவர் நிறுத்தினார். "எழுபத்திநாலு வயசுக் கெழவன் இதுக்குப் பயந்தான்னா சிரிப்பீங்க."

லைல் எழுந்து வந்து செல்மரின் முன்னால் நின்றார். தொப்பியைக் கையில் வைத்துக் கசக்கினார்.

"நான் உங்களத் திருடன்னு சொன்னேன்."

"கேள்விப்பட்டேன்."

"தப்பு என் மேல."

"உக்காரு, லைல். உன் காப்பி ஆறுது."

பதினோரு மணிக்கு மினியாபோலிஸ் பெண்மணி வந்தார். நடந்ததை ஆர்லோ அவருக்குத் தாழ்வாரத்திலேயே மூச்சு விடாமல் சொல்லி முடித்தார். அவர் கையுறை அணிந்து, பதாகையை மேசையில் விரித்து, செல்மரைப் பார்த்து, "பிரிக்கலாமா?" என்று கேட்டார். செல்மர் வெர்னாவைப் பார்த்தார். வெர்னா தலையசைத்தார்.

லைனிங் துணி அங்குலம் அங்குலமாகத் திறந்தது. உட்புறம் வெளுத்த மாவுச் சாக்குத் துணி. அதன் நடுவில், வெளியே எங்கும் தெரியாத இடத்தில், சிவப்பு நூலில் இரண்டே சொற்களும் ஒரு வருடமும். 'நன்றி, இங்கோல்ஃப். 1958.'

"காப்பி கூடக் குடிக்காமப் போனாரே," என்றார் வெர்னா. "வேற எங்க சொல்றது?"

செல்மர் குனிந்து, தொடாமல், அந்தச் சிவப்பு எழுத்துகளின் மேல் விரலை நகர்த்தினார். அவர் தோள்கள் குலுங்கின. மாரிட் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சற்று நேரம் கழித்துச் செல்மர் மாரிட்டின் பக்கம் வந்து, "உன்னோடதக் காட்டு," என்றார். ஏழு மாதத்தில் அவரிடம் பேசிய முதல் வார்த்தை அது. புதிய பதாகையை நெடுநேரம் பார்த்தார். "மோசமில்ல," என்றார். விக் ப்ரேரியில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது என்பது மாரிட்டுக்குத் தெரியும். அவர் கண்ணீரோடு சிரித்தார்.

"அந்த வளையத்த என்ன பண்ண?" என்று கேட்டார். "பிரிச்சு ரெண்டு A போடணுமா?"

"தொட்டுப் பாரு, தெரியும்," என்றார் செல்மர்.

கோப்பைகளைக் கழுவும்போது வெர்னா பொர்கில்டிடம், "ஒன்னு சொல்லட்டுமா? நான் தைச்ச கொடிய நான் தெருவுல பாத்ததே இல்ல. ஊர்வலம் போறப்ப நான் எப்பவும் அடுப்படியில. கஞ்சி அடி புடிச்சிரும். காத்துல அது எப்படி நின்னுச்சோ," என்றார். சொன்னவர் அதைப் பெரிதாக எண்ணவில்லை. துடைத்த கோப்பையை அடுக்கினார். அன்று மாலை பொர்கில்ட் எக்கும் பண்ணைக்கு ஒரு தடவை போய் வந்தார்.

பதினேழாம் தேதி வெயிலும் காற்றும் சேர்ந்தே வந்தன. கண்ணாடிப் பெட்டியில் பழைய பதாகை, உட்புறம் தெரியும்படி ஒரு மூலை மடக்கி வைக்கப்பட்டிருந்தது. புதிய பதாகையைச் செல்மர் எக்கும் தூக்கினார். பின்னால் பள்ளி வாத்தியக் குழு, கம்பளி உடையில் வியர்த்தபடி பெண்கள், கையில் சிறு கொடிகளோடு குழந்தைகள், பதினோரு குடும்பங்களும் ஆள் குறையாமல்.

முதன்மைத் தெருவில் நேராகப் போக வேண்டிய ஊர்வலம், மண்டபத்தின் மூலையில் திடீரென்று இடப்பக்கம் திரும்பியது. செல்மர் குப்பைத் தொட்டிகள் வைக்கும் பின் சந்துக்குள் நுழைந்தார். வாத்தியக் குழுவின் பாதி அவரோடு திரும்பியது, மீதிப் பாதி நேராகப் போய்விட்டது. இரண்டு திசையிலும் ஒரே பாட்டு கேட்டது.

சமையலறைக் கதவை ஆர்லோ தள்ளித் திறந்தார். "வெர்னா! வெளிய வாங்க!"

"புளிப்புக் கஞ்சி அடுப்புல..."

"கரண்டிய இங்க குடுங்க. நான் கிண்டறேன்."

வெர்னா இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே படியில் இறங்கி நின்றார். செல்மர் அவருக்கு எதிரே பத்தடி தூரத்தில் நின்றார். காற்று பதாகையை முழுவதுமாக விரித்துப் பிடித்தது. தங்கத் தேவாலயம் வெயிலில் எரிவதுபோல் மின்னியது. செல்மர் இரண்டு கைகளாலும் கம்பை முன்னால் சாய்த்தார். அரசருக்கும் இறந்தவர்களுக்கும் மட்டும் சாய்ப்பது வழக்கம். நீலப் பட்டு வெர்னாவின் காலடிவரை தாழ்ந்து, ஒரு மூச்சு நேரம் அங்கேயே நின்றது.

வெர்னா வாயைக் கையால் பொத்திக்கொண்டார். பிறகு கையை எடுத்தார்.

"நிமுத்து, செல்மர்," என்றார். "காத்துல பாக்கறேன்."